கட்டடம், தற்காலிகம், ஒன்று

வரைபடத்தில் அந்தக் குன்றுக்குப் பெயரில்லை.
உச்சியில் ஒரு முக்கோணம்,
பக்கத்தில் ஓர் எண்: 102 அடி.
பிடோக்கின் மண்மேடுகளில் அதுவும் ஒன்று.
நான் அப்போது
நில அளவைத் துறையில் சங்கிலி பிடிப்பவன்.

முக்கோணம் இருக்கவேண்டிய இடத்தில்
தகரக் கூரை, நான்கு பலகைக் கால்,
நடுவில் ஒரு கல்,
கல்லின் முன் கடுகெண்ணெய் விளக்கு.

யார் கல்?
விலங்கோடு கப்பலில் வந்து
ஊர் திரும்பாமல் போனவருடையது என்றார் கேஹர் சிங்.
காத்தோங்கில் ஒரு வங்கி வாசலில்
கயிற்றுக் கட்டில் போட்டு இரவெல்லாம் ஜாகா,
விடிந்ததும் சைக்கிளை அடிவாரத்தில் சாய்த்துவிட்டு
மேலே வருவார்.
காய்ச்சலில் போன போலீஸ்காரர் என்றாள் அவர் மனைவி.
குதிரை கட்டிய கல், வேறொன்றுமில்லை என்றான்
ஆடு மேய்த்த அய்யாறு.
சொல்லிவிட்டு
தை பிறந்தால் அவனே வந்து தேங்காய் உடைப்பான்.
கீரைத் தோட்டத்துச் சீனக் கிழவி
மூன்று ஊதுபத்தி செருகிவிட்டுப் போவாள்,
எதையும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை.

நகரத்திலிருந்து கமிட்டிக்காரர்கள் ஏறி வந்தார்கள்,
இளைத்து, வியர்த்து.
"நம் குரு நூல். கல்லில்லை, தெரியாதா?"
"தெரியும்.
நான் கும்பிடவில்லை.
பக்கத்தில் உட்காருகிறேன்."
அவர்களுக்கும் தேநீர் கொடுத்தார்.
எனாமல் குவளை இரண்டுதான். முறைவைத்துக் குடித்தார்கள்.

கடலைத் தூர்க்க மண் வேண்டுமென்று
உத்தரவு வந்த மாதம்
படிவத்தோடு நான் மேலே போனேன்.
வழிபாட்டிடம் என்று எழுதினால்
மூன்று நகல், இரண்டு கையெழுத்து,
இன்னொரு முறை ஏற்றம்.
நல்ல வெயில்.
எழுதினேன்:
கட்டடம், தற்காலிகம், ஒன்று.
எழுதி முடிக்கும்வரை
கேஹர் சிங் எனக்குக் குடை பிடித்தார்.

பிறகு குன்று நடந்தது.
சாலைக்கு மேலே பாலம் கட்டி, ரப்பர் வாரில்
இரவும் பகலும் சிவப்பாக ஓடிக்
கடலுக்குள் இறங்கியது.
கல்லை லாரியில் ஏற்றினார்கள் என்றான் அய்யாறு.
வாரில் போனதைப் பார்த்தேன் என்று
கிழவி கையால் காட்டினாளாம்.
இதிலும் ஆளுக்கொரு வரலாறு.
கேஹர் சிங் சைக்கிளை விற்கவில்லை.
ஏறிப்போகத்தான் இடமில்லை.

ஓய்வு பெற்ற வருடம்
வேறு வேலையில்லாத ஒரு மாலை
பழைய எண்களை எடுத்துக் கணக்குப் போட்டேன்.
வெட்டிச் சமன்செய்த தரை இருபது அடி.
மாடிக்கு ஒன்பது அடி, ஓர் அங்குலம்.
பத்தாம் மாடியின் தளம்
நூற்றிரண்டில் வந்து நின்றது.

போய்ப் பார்த்தேன்.
லிஃப்ட் ஒன்பதோடு சரி.
மிச்சத்தைப் படியேறினேன்,
நடுவில் ஒருமுறை நின்று.

வரிசையில் மூன்றாவது கதவு, ஜஸ்மேல் கௌர்,
கேஹர் சிங்கின் மருமகள்.
வீடு குலுக்கலில் விழுந்தது, அவ்வளவுதான் என்றாள்.
நான் உயரத்தைச் சொன்னேன்.
படிவத்தையும் சொன்னேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "அவர் உட்கார்ந்த இடம் எது?"

சமையலறை ஜன்னலுக்கு வெளியே காட்டினேன்.
கார் நிறுத்துமிடத்துக்கு மேலே,
சுவரிலிருந்து எட்டடி தள்ளி,
வெறும் காற்று.

எட்டிப் பார்த்தாள்.
வாளியில் மகனின் தலைப்பாகை,
காவி, ஆறு கஜம், அப்போதுதான் அலசியது.
மூங்கில் கழியில் கோத்து
இரண்டு கையாலும் வெளியே தள்ளினாள்,
குழாய்க்குள் கழியின் அடி இறுகும்வரை.
துணி ஈரத்தில் கனத்துத் தொங்கிற்று.
கொஞ்ச நேரத்தில்
கடல் பக்கமிருந்து காற்று வந்தது.

நோட்டில் குறித்துக்கொண்டேன்.
உயரம் சரி.
கிடைமட்டப் பிழை: ஓர் அடிக்குள்.